மூணுல ரெண்டு

"எவனோ சர்வருக்குள்ள பூந்துட்டான்னு போன்ல சொல்ற. அப்ப நீ போட்டுக் குடுத்த காவல் இன்னாத்துக்கும்மா?"

கம்பெனி முதலாளி தணிகாசலம் போட்ட சத்தம், தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறிக்கொண்டு போனது. எதிரே, அந்தக் கம்பெனிக்கு கம்ப்யூட்டர் சர்வர் பார்க்கிற மெர்சி லேப்டாப்போடு நின்றாள்.

போன வாரம் பிரஸ்ஸில் அதை ஓட்டுகிற லோகுவின் கை மாட்டிக்கொண்டது. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சாரை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கம்பெனியில் யார் எந்த ஸ்விட்சைத் தொட்டாலும் சர்வரில் பதிவாகிவிடும்.

லோகுவின் மனைவி ஏஞ்சலின் காலையிலிருந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். அவளிடமும் கத்திவிட்டுத்தான் தணிகாசலம் உள்ளே வந்திருந்தார்.

"உன் ஊட்டுக்காரன்தான் அவசரத்துல ஆஃப் பண்ணியிருப்பான். அவன் மேல தப்பில்லன்னா ஆயுசுக்கும் சோறு போடறேன். தப்புன்னா ஒரு பைசா கெடையாது."

"பதிவக் காட்டுங்க. அதுக்குத்தான் நின்னுக்கினு இருக்கேன்."

இப்போது அந்தப் பதிவிலேயே ஒருவன் கை வைத்துவிட்டானாம்.

"ஒண்ணு போதும்னு அல்லாரும் சொன்னாங்க. நான்தான் மூணு சர்வர் போட்டேன். இங்க ஒண்ணு, தேர்வாய் கண்டிகைல ஒண்ணு, திருநின்றவூர்ல ஒண்ணு. மூணும் ஒரே மாதிரி எடுத்தா ரேட்டு கொறையும்னா, வேற வேறதான் வேணும்னு நீ அடம் புடிச்ச. இன்னா பிரயோஜனம்?"

"இருக்கு சார். மூணு கதவுக்கும் ஒரே பூட்டுன்னா ஒரு சாவியில மூணும் தொறந்துக்கும். நேத்து சாயங்காலம் வந்தவரால இங்க இருக்கிறத மட்டும்தான் தொறக்க முடிஞ்சுது. சென்சார அணைச்சது லோகுன்னு மாத்திட்டுப் போயிட்டாரு. ஆனா மூணும் அப்பப்ப ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்துக்கும். மத்த ரெண்டும் வேற பேர் சொல்லிச்சு. மூணுல ரெண்டு சொல்றதுதான் நிக்கும். பழைய பதிவு தானா திரும்பி வந்துடுச்சு."

"அப்ப அணைச்ச நாயிதான் உள்ள பூந்திருக்கு." தணிகாசலம் போனை எடுத்தார். "எவனா இருந்தாலும் சரி, போலீஸ் வந்து வெலங்கு மாட்டி கேட்டு வழியா இழுத்துக்கினு போகணும். அந்தப் பொண்ணு கண்ணால பாக்கணும். யாரும்மா அவன்?"

மெர்சி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

அணைத்த பெயரும் புகுந்த பெயரும் ஒன்றுதான். சரவணகுமார். உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிற அவருடைய ஒரே மகன்.

போனைக் கீழே வைத்துவிட்டு தணிகாசலம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"ஒரு கம்பெனிக்கு மூணு சர்வர் எதுக்கும்மா? கரண்ட்டுக்குத் தண்டம். அந்த ரெண்டையும் இன்னிக்கே கழட்டிடு."