மறுக்கக் கூடாது

கனடாவின் வின்னிபெக்கில் சினிமா படிக்கும் நான், குறும்படத்துக்கு வசனம் எழுதுவதில்லை. நடிகர்களைப் பேசவிட்டுப் பதிவுசெய்து, அதையே எழுதிக்கொள்வேன். விதி ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது.

ஏப்ரல் மாத மதியம் ஒன்றில் என் நடிகர்கள் கோர்வினிடமும் டெல்ஃபினிடமும், "ரொம்ப நாள் கழிச்சு அண்ணன் வீட்டுக்கு வர்றான். தங்கச்சி கதவைத் திறக்கிறா" என்று மட்டும் சொன்னேன். என் அண்ணன் டேன், நான்கு வருடம் முன்பு உறைந்த ஏரியில் நடக்கும்போது பனி உடைந்து மூழ்கி இறந்துபோனதைச் சொல்லவில்லை.

"ஷூ நனைஞ்சிருக்கு. எங்க வைக்க?" என்றான் கோர்வின்.

"ஹீட்டர் பக்கத்துல வை. நீ என்னைக்கு நனையாம வந்திருக்க?" என்றாள் டெல்ஃபின்.

"அம்மா தூங்குறாளா?"

"சமையல்கட்டுல இருக்கா. நீ போனதிலேர்ந்து யார்கூடவும் பேசறதில்ல."

"அப்ப நான் கூட்டிட்டுப் போயிடவா?"

டெல்ஃபின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தியிருக்கலாம். காட்சி அருமையாக வந்துகொண்டிருந்தது.

"மறுக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றேன்.

"கூட்டிட்டுப் போ" என்றாள் அவள்.

இடைவேளையில், அம்மா தனியாக இருக்கும் ஏரிக்கரை வீட்டுக்குப் போன் செய்தேன். ஜன்னலுக்கு வெளியே கூரைப்பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாகப் பத்து தடவை மணி அடித்த பிறகே போனை எடுக்கும் அம்மா, முதல் மணியிலேயே எடுத்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அப்புறம் பேசறேன் கண்ணு. பூட்ஸ் மாட்டிட்டிருக்கேன். ஏரி இந்தத் தடவை நல்லா உறைஞ்சிருக்காம்."