காற்றுக் குழாய்

"இந்த வண்டியில உசுரே இல்ல. சாயங்காலம் தரகர் வர்றார். கேட்ட விலைக்குத் தள்ளி விட்டுடப் போறேன்."

டிரைவர் கார் சாவியை மேஜை மேல் வீசினார். சமையலறையில் இருந்த மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"வித்துட்டு?"

"பழையபடி முதலாளி வண்டி ஓட்ட வேண்டியதுதான். வேற என்ன செய்ய?"

முதலாளி வண்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். யார் வீட்டு வாசலிலோ வெயிலில் காய வேண்டும். போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் இருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்து இந்தப் பழைய காரை வாங்கி, வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"மெக்கானிக் ஒரு கோளாறும் இல்லைன்னாரே?"

"அவன் கெடக்கான். முன்னெல்லாம் காலை வெச்சா சிட்டாப் பறக்கும். இப்ப பாலத்து மேட்டுல முக்கி முக்கி ஏறுது. பின்னால வர்றவன் எல்லாம் கையை ஆட்டித் திட்டிட்டுப் போறான். மானம் போகுது."

"காத்து சரியாப் போகலைன்னாலும் அப்படித்தான் திணறுமாம். போன்ல பார்த்தேன். உள்ள இருக்கற சூட்டுக் காத்தையே இழுத்தா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? முன்பக்கத்துலேர்ந்து ஒரு குழாய் வெச்சுக் குளுந்த காத்தைக் கொண்டு வந்தாப் போதுமாம். எங்க கடையில வெட்டி மிஞ்சின துண்டெல்லாம் சும்மாதானே கெடக்கு?"

டிரைவர் சிரித்தார். "ஹார்டுவேர் கடையில பில் போடறவங்க எல்லாம் இப்ப மெக்கானிக்கா? நம்ம வீட்டுக் குழாயே சொட்டுது. மொதல்ல அதைப் பாரு."

"அதை நீங்க பாக்கறேன்னு சொல்லி வருஷம் ஆச்சு," என்றாள் அவள், பாத்திரங்களின் பக்கம் திரும்பியபடி.

"என்ன முணுமுணுக்கற?"

அவள் மறுபடி அவர் எதிரில் வந்தாள். "ஒண்ணுமில்லங்க. மத்தியானம் வண்டியை என்கிட்ட விடுங்க. மேடு ஏறலைன்னா நானே தரகர் கையில சாவியைக் கொடுத்துடறேன்."

டிரைவருக்கு பானட்டைத் திறந்தால் தண்ணீர் ஊற்ற மட்டும்தான் தெரியும். என்னமோ செய்து தொலை என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டு, ஜன்னலோரம் பாயை விரித்துப் படுத்தார்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் கார் நின்றது. அவள் காற்று வடிகட்டியை வெளியே எடுத்துத் தூசியைத் தட்டினாள். அது இருந்த பெட்டியின் பக்கவாட்டில், கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்த டிரில்லிங் மெஷினை வைத்து அழுத்தினாள். அது போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் தன் ஜன்னலை அறைந்து சாத்தினார். டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் போனைப் பார்த்துப் பார்த்துக் குழாயைச் செருகி, கிளிப் போட்டு முறுக்கி, வெள்ளி நிற டேப்பைச் சுற்றினாள்.

எல்லாம் முடிந்ததும் உள்ளே போய் அவரைப் பிடித்து உலுக்கினாள்.

டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன இது, வாஷிங் மெஷின் குழாய் மாதிரி இருக்கு?"

"வாஷிங் மெஷின் குழாய்தான்."

அதற்குள் தரகரும் வந்துவிட்டார். பின்சீட்டில் தரகர், முன்சீட்டில் மனைவி. டிரைவர் சலிப்போடு சாவியைத் திருகினார். அடுத்த நொடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தெருமுனை தாண்டுவதற்குள் அவர் முகமே மாறிவிட்டது. பாலத்து மேட்டின் பாதியில் சட்டென்று கியரைக் குறைத்தார். கார் உறுமிக்கொண்டு ஏறியது. முன்னால் போன லாரியை முந்திக்கொண்டு உச்சிக்குப் போனபோது, டிரைவர் சின்னப் பையன் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தரகர் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் டிரைவர் சொன்னார், "மன்னிச்சுக்கங்கண்ணே. வண்டியைக் கொடுக்கறதா இல்ல. இப்பதான் இது வண்டி."

சொல்லிவிட்டு ஒரு துணியை எடுத்துக்கொண்டு பின்கண்ணாடியைத் துடைக்கப் போனார். அந்தக் காருக்கு இப்படி ஒரு உபசாரம் நடந்து ரொம்ப நாளாகிவிட்டது.

தரகருக்கு மனசு கேட்கவில்லை. கைக்கு வந்த வியாபாரத்தை ஒரு குழாய் கெடுத்துவிட்டதே என்று பானட்டைத் தூக்கி, குழாயைத் தடவிக்கொண்டே போனார். அவர் புருவம் சுருங்கியது.

"ஏம்மா, இது முன்பக்கம் போகவே இல்லையே? பெட்டியிலேர்ந்து கிளம்பி நேரா உள்ள, டிரைவர் சீட்டுக்கில்ல போகுது? இதால எஞ்சினுக்கு ஒரு பொட்டுக் காத்துகூட வராதும்மா."

"வராதுண்ணே. எஞ்சின் சத்தம்தான் அது வழியா உள்ள வரும்."

"சத்தம் வந்து என்ன பண்ண?"

"இவர் மீட்டரைப் பாக்கறவர் இல்ல. சத்தத்தை வெச்சுதான் எப்ப கியர் மாத்தணும்னு முடிவு பண்ணுவார். டாக்டர்கிட்ட வரச் சம்மதிக்கற வரைக்குமாவது வண்டி கைவிட்டுப் போகாம இருக்கணும்ல?"

"டாக்டரா? எதுக்கு?"

டிரைவர் முதுகைக் காட்டிக்கொண்டு, நாலே எட்டு தள்ளித்தான் நின்றிருந்தார். ஆனாலும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"எஞ்சின் எப்பவும் போல நல்லாத்தாண்ணே இருக்கு. இவருக்குத்தான் காது கேக்க மாட்டேங்குது."