குழாய்ப்புழுவுக்குப் பாராட்டு விழா

உப்பங்கழி முழுக்கப் பாசி மண்டி, மீன்களுக்கு மூச்சு முட்டியது. பாறையில் ஒட்டியிருந்த குழாய்ப்புழு மட்டும் தன் தலையிலிருந்த இறகு விசிறியை விரித்து, தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்றுகொண்டே இருந்தது. பாதிக் கழி தெளிந்ததும் மீன்களுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பேச்சும் வந்தது.

"ஐயாவுக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம்!" என்றது மீன்களின் தலைவர் மடவை.

"எதுக்குங்க? பசிச்சுது, தின்னேன்."

"அந்தத் தன்னடக்கத்துக்கும் சேர்த்துத்தான்யா!"

நண்டு கடற்புல்லில் நெய்த பொன்னாடையைக் கொண்டுவந்து, விசிறியை மூடிப் போர்த்தியது. புழுவால் ஒரு வாய் தின்ன முடியவில்லை. உதறினால் மரியாதையாக இருக்காதே என்று பொறுத்துக்கொண்டது. வரவேற்புரை முடிவதற்குள் மிச்சமிருந்த பாசி மேடைவரை பரவிவிட்டது. வாழ்த்துரை தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த கெளுத்தி மல்லாந்தது.

"தலைவரே, துணிய எடுங்க! நான் தின்னாத்தான் நீங்க பொழைப்பீங்க!" என்று ஆடைக்கடியில் இருந்து புழு கத்தியது.

"ஏற்புரை கடைசியிலதான்யா," என்று மூச்சிரைத்த மடவை, பேச்சின் நடுவிலேயே சாய்ந்தது.

நண்டு பட்டியலைப் பார்த்துவிட்டுப் புழுவிடம் குனிந்தது. "கொஞ்சம் பொறுங்கய்யா. பதினாறு பேர் பேச வேண்டியது. இப்ப ஒன்பது பேர்தான் இருக்காங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."