பம்பளிமாஸ் சுளை

புருஷன் அழகுமலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜக்கம்மா மெல்ல உள்ளே வந்தாள். வாசலிலிருந்து நாற்காலிக்கு அவர் வந்து சேர்வதற்குள் வைகை அணை நிரம்பி வழிந்துவிடும் போலிருந்தது. டாக்டர் தேவயானி மனசு கேட்காமல் எழுந்தே நின்றுவிட்டாள்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மனிதர். கொழுப்புக்கு மாத்திரை வாங்க முதன்முதலாக வந்தபோது, அவர் நடந்த நடையில் சுவர்க் காலண்டர் ஆடியது. இப்போது தொடையில் விரல் பட்டாலே முகம் அஷ்டகோணலானது.

“மாத்திரைய ஒருநா விட்டதில்ல டாக்டரம்மா,” என்றார். “எல்லாம் இவ கையாலதான். மாத்திரையோட ஒரு முழுப் பம்பளிமாசு. மேகமலை அடிவாரத்துலருந்து ஆள் விட்டு வரவழைக்கிறா.”

ஜக்கம்மா மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். ஒரு நார், ஒரு வெள்ளைத் தோல் இல்லாமல் உரித்த சுளைகள். சாமிக்குப் படைக்கிறவர்கள்கூட இப்படி உரிக்க மாட்டார்கள்.

தேவயானி சுளைகளை உற்றுப் பார்த்தாள். அந்தப் பழம் வயிற்றுக்குள் போனால் மாத்திரையின் மருந்து உடம்பில் சிதைந்து வெளியேறாது. ரத்தத்தில் மருந்து மேல் மருந்தாகச் சேர்ந்து சதையை அரித்துவிடும். கையிலிருந்த ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

இதை முதல் தடவையே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், ஜக்கம்மாவிடம். சாப்பாட்டுப் பேச்சை எடுத்ததுமே அழகுமலை, அடுப்படிச் சங்கதியெல்லாம் இவளிடம் சொல்லுங்கள் என்று டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். அந்த வீட்டில் ஆம்பளைக்கு வாய் மட்டும்தான். அதில் என்ன விழ வேண்டும் என்பது பொம்பளை பாடு.

புருஷன் முன்னால் அவளைக் காட்டிக்கொடுக்க தேவயானிக்கு மனமில்லை. மாத்திரையை மாற்றித் தருவதாக மட்டும் சொன்னாள்.

“நடந்துருவேன்ல?” என்றார் அவர். மகள் அபிதா பழனிசெட்டிபட்டியில் இருக்கிறாளாம். அவளாகவே கல்யாணம் கட்டிக்கொண்டு போனதிலிருந்து முகத்தையே பார்க்கவில்லையாம். மாடி வீடு, வாசல்வரை காரில் போனாலும் படியேற முடியாதாம்.

“சொல்லாமக் கொள்ளாமப் போயி நிக்கணும் டாக்டரம்மா. சொல்லிட்டுப் போனா நல்லாருக்காது.” அதைச் சொல்லும்போது மனிதரின் கண் கோவைப்பழமாய்ச் சிவந்தது.

தேவயானியின் அப்பா பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே எட்டிப் பார்க்காதவர். “மாடியென்ன, மலையே ஏறலாம் ஐயா,” என்றாள்.

அழகுமலை குளிர்ந்துபோனார். பத்தியச் சமாச்சாரத்தை வழக்கம்போல் மனைவி தலையில் கட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து டீக்கடைக்கு நகர்ந்தார்.

கதவு சாத்தியதும் தேவயானி குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பழமே ஆகாதுன்னு அவ்வளவு சொன்னேனேம்மா. மறந்துட்டீங்களா?”

“மறக்கல.”

மருந்துச் சீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. “தெரிஞ்சேவா குடுத்தீங்க? இப்படியே போனா கிட்னியும் போயிரும்மா.”

“அதையும் அன்னைக்கே சொன்னீகளே.”

தேவயானிக்குக் கோபம் தலைக்கேறியது. புருஷனைப் படுக்கையில் தள்ளிவிட்டு, ஒரு பொம்பளை இப்படிப் பச்சைத் தண்ணீர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே. “பெத்த மகளப் பாக்கணும்னு துடிக்கிறாரு மனுசன். அதுகூடவா உங்களுக்குப் பொறுக்கல?”

ஜக்கம்மா டப்பாவை அழுத்தி மூடினாள்.

“அவுக போகணுங்கறது மகளப் பாக்க இல்ல தாயி, மருமகன வெட்ட.”