கங்காருவுக்குப் பூட்டு

பென்டில் ஹில் வீட்டுக் குசினி மேசையின் இரு பக்கமும் ஜனுஷனும் அவன் மனைவி றொசானாவும் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே விளையாட்டுச் செயலி நிறுவனத்தில் வேலை. அவள் படம் வரைகிறாள், அவன் நிரல் எழுதுகிறான். யன்னல் வெயில் ஆறிப்போன தேத்தண்ணீரில் மினுங்குகிறது. அவள் வரைந்த கங்காருவை அவன் சிறிதாக்கி இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஆனால் திரையில் அந்தக் கோப்பின் பக்கத்தில் சிவப்புப் பூட்டு ஒன்று நிற்கிறது: ‘றொசானா பூட்டியிருக்கிறார்.’ அவள் விடும்வரை வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது. காலைக் கூட்டத்தில், அந்தக் கங்காரு எலி மாதிரி இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன் ஜனுஷன். அதிலிருந்து அவள் பேசவில்லை. திரையின் அடியில் ‘பூட்டைப் பறி’ என்றொரு பொத்தான் இருக்கிறது. அவன் சுட்டியை மெல்ல அங்கே நகர்த்துகிறான். “பறிச்சுப் பாருங்கோவன்,” என்கிறாள் றொசானா, நிமிராமலே. சுட்டி திடுக்கிட்டு விலகுகிறது. “நான் சொன்னது பிழைதான். ஆக்களுக்கு முன்னால அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்கிறான் அவன். எதிரே ஒரு விசை தட்டும் சத்தம் கேட்கிறது, பூட்டு மறைகிறது. அவசரமாகக் கோப்பைத் திறக்கிறான். கங்காரு அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டிருக்கிறது. அவனுடைய தொந்தியும் அச்சொட்டாக அதற்கு வந்திருக்கிறது. “இதையோ அனுப்புறது?” “ஓம். மனேஜருக்குக் காட்டிட்டன். அவருக்கு நல்லாப் பிடிச்சிட்டுதாம்.” ஜனுஷன் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு படத்தைச் சிறிதாக்கத் தொடங்குகிறான்.