காற்று மூடி

ஆற்றுப் பயணத்துக்கு வேன் பேசி, கூடாரம் பிடித்து, ஆள் சேர்ப்பவருக்கே படகின் முன்னிடம் என்பது அந்தக் குழுவின் வழக்கம். ஒன்பது வருடமாக அது சௌதாமினியின் இடம். இந்த வருடம், பாறைகளில் மோதி நுரைக்கும் ஆற்றின் கரையில் ரப்பர் படகுக்குக் காற்றடித்து முடித்ததும் குழுவில் ஒருவனான செல்வின் கரிசனமாகத் தொடங்கினான். "ஆபரேஷன் பண்ணின தோளு, அக்கா. நீங்க கூடாரத்துலயே இருங்க. நாங்க போயிட்டு வந்துடறோம்." மற்ற ஆறு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சௌதாமினி குனிந்து படகின் காற்று மூடியைத் திருகிக் கழற்றி, அந்த ஆபரேஷன் தோளின் கைக்குள்ளேயே வைத்து இறுக மூடிக்கொண்டாள். படகு புஸ்ஸென்று இளைக்கத் தொடங்கியது. கையை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். வலித்தது; கையைக் கீழே இறக்கவில்லை.

"இந்தக் கையைப் பிரிச்சு மூடியை எடுக்கறவன் முன்னால உக்காரட்டும். சீக்கிரம் வாங்கடா, காத்து இறங்குது."