நாலரை நட்சத்திரம்

தொப்பென்று ஒரு சத்தம்.

பின்னால் வந்த படகில் உட்கார்ந்திருந்த அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான். சற்று முன்னால் போய்க்கொண்டிருந்த கயாக் படகு கவிழ்ந்து கிடந்தது.

அதில் தனியாகப் போன மனைவி சுகிர்தாவைக் காணவில்லை.

ஆரஞ்சு நிறமாகப் பொங்கி மேலே வந்தாள். இருமினாள். சிரித்தாள்.

"ஏங்க, ஜாக்கெட் ஜம்முனு தூக்குது! படம் எடுங்க, படம்!"

அவளுக்கு நீச்சல் தெரியாது.

அவனுக்கும் தெரியாது.

மலையேறும் பூட்ஸ், கூடாரம், துடுப்பு என்று கம்பெனிகள் அனுப்புகிறவற்றைப் பற்றி இணைய இதழ்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. இந்த லைஃப் ஜாக்கெட்டுக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருந்தான்.

'மூன்று ஞாயிறு கடலில் குதித்துப் பார்த்தேன். அநாவசிய வார் கிடையாது, கொக்கி கிடையாது. மாட்டினோமா, குதித்தோமா, அவ்வளவுதான்.'

கட்டுரை நன்றாக வந்திருந்தது.

கடலுக்குத்தான் அவன் போகவில்லை.

"அண்ணே, சட்டை மேல ஏறுது" என்றார் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த சேசுராஜ்.

ஏறிக்கொண்டிருந்தது. தோளில் இருந்தது காதுக்கு வந்தது. சுகிர்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

கழிமுகத்து நீர் கடல் பக்கம் இழுத்தது. சேசுராஜ் மூச்சுப் பிடித்து வலித்தார்.

"கையத் தூக்காதம்மா! கையத் தூக்காத!"

அவள் பயந்துபோயிருந்தாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

ஜாக்கெட் முகத்தை மூடியது. பிறகு தலையைத் தாண்டியது.

பிறகு ஜாக்கெட் மட்டும் மிதந்தது.

அவன் அலறியது அவனுக்கே கேட்கவில்லை. படகின் விளிம்பில் கவிழ்ந்து கையை நீட்டினான். வெறும் தண்ணீர். மறுபடியும் வெறும் தண்ணீர்.

சேசுராஜ் துடுப்பைப் போட்டுவிட்டுக் குதித்தார்.

தலைமுடிதான் முதலில் மேலே வந்தது.

இருவரும் சேர்ந்து அவளைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள். உப்புத் தண்ணீரைக் கக்கினாள். மூச்சு வந்தது. கண் திறந்தாள்.

அவள் மூச்சு சீராவதற்குள் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கம்பெனிக்காரன் கழுத்தறுத்துட்டான் சுகி. நம்பி நட்சத்திரம் குடுத்தேன் பாரு! நாளைக்கே அவனக் கிழி கிழின்னு கிழிச்சு எழுதறேன்."

அவள் மிதந்துகொண்டிருந்த ஜாக்கெட்டையே பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். தப்பு தன்னுடையது என்பதுபோல் குரல் தணிந்திருந்தது.

"காலையில பெட்டியப் பிரிச்சப்போ, காலுக்கு நடுவுல குடுத்து மாட்டுற வார் ஒண்ணு தனியா கவர்ல இருந்துச்சுங்க. அதெல்லாம் அநாவசியம்னு நீங்க எழுதியிருந்தீங்களேன்னு, நாந்தான் வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்."